இளமதி மேடம் பார்க்கப்போகும் பக்கம்

“மரம் வாங்க வர்றவங்க தாத்தா போட்டோவ வெச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க அத்தா?”

“பாத்துட்டுப் போவட்டும்டி! பரம்பரைன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?”

“பரம்பரைய கீழ போட்டுக்கலாம். மேல வந்து…”

“கீழயா? எங்க அத்தாவக் கீழ போடுவியா? கேட்டியா கமரு, உன் பொண்ணு பேசற பேச்ச?”

கமர் நிஷா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் மட்டுமா? புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். அமீருதீனுக்குத் தொண்டை அப்படி. சரக்கு அடுக்கும் மரத்தட்டு, அதாவது பேலட், செய்கிற யார்டில் ரம்பம் ஓடும்போதே ஆசாரிகளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

போன வாரம் அந்தத் தொண்டை செய்த வேலைதான் இத்தனைக்கும் காரணம். சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு, “பர்ச்சேஸ் ஆபீசர் புதுசு, வெப்சைட் இருந்தா அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, வெள்ளிக்கிழம பாப்பாங்க” என்று செக்யூரிட்டி சொல்ல, “இருக்கே!” என்று மனிதர் முழங்கிவிட்டு வந்தார். இல்லாத வெப்சைட். வீட்டுக்கு வந்த பிறகுதான் மகளிடம், “வெப்சைட்டுன்னா இன்னாம்மா?” என்று கேட்டார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அந்தக் கம்பெனி ஆர்டர் வராவிட்டால் யார்டை மூட வேண்டியதுதான். கடன் வாங்கிக் கட்டிய சூட்டறை சும்மா கிடக்கிறது. கப்பலில் வெளிநாடு போகிற பெட்டி, பலகை எதுவானாலும் சூடு காட்டிப் புழுப்பூச்சி இல்லையென்று முத்திரை குத்த வேண்டும் என்று ஆகிவிட்டதே, அதற்காகக் கட்டியது. யார்டை மூடினால் போக்கிடம் ஒன்றே ஒன்று: பழவேற்காடு. அங்கே அண்ணன் தமீம் அன்சாரியின் மரவாடி. “காலால மிதிக்கிற பலகைக்கு ஒரு கம்பெனியா?” என்று நாலு பேர் முன்னால் சிரித்து அனுப்பினாரே, அதே அண்ணன். அவர் வீட்டு மாடியில் ஒரு அறை, அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலை நினைத்தாலே அமீருதீன் இரவில் புரண்டு புரண்டு படுப்பார். பக்கத்தில் படுத்திருக்கும் கமர் நிஷாவுக்கும் தெரியும்.

பொன்னேரியில் வெப் டிசைன் படித்த மகள் சமீனா மூன்று நாளாக வேலை செய்கிறாள். அவள் மட்டும் செய்திருந்தால் முடிந்திருக்கும். குடும்பமே செய்தது.

பக்கத்தைத் திறந்தவுடன், காலமான பெரிய ஹஜ்ரத்தின் நினைவுப் படம் மாதிரி, தாத்தா. கீழே சஃபாரி சூட்டில் அமீருதீன், கேட்டில் சாய்ந்து. அதற்குக் கீழே கல்யாணப் பத்திரிகையில் போடுவது மாதிரி பேர்கள்: மகன், மகள், மச்சான், சகலை, பாண்டிச்சேரி மாமா வரைக்கும். தமீம் அன்சாரி பேர் மட்டும் இல்லை. அது இல்லாத இடம்தான் எல்லாப் பேரையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. மகன் அத்னான் தன் பங்குக்கு ஒரு லாரி விட்டிருந்தான். திரையின் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும், பின்னால் ஒரு பாட்டோடு.

“என் தம்பிங்க பேர மட்டும் காணோம்,” என்று நேற்று கமர் நிஷாவே சண்டை போட்டு, தன் தம்பிகள் இருவரையும் உள்ளே நுழைத்திருந்தாள். அது வேறு விஷயம்.

சமீனா நாற்காலியைத் திருப்பி மூவரையும் பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். இது யாருக்கு?”

“யாருக்குன்னா? உலகத்துக்கு!” என்றான் அத்னான்.

“உலகம் பேலட் வாங்காது. நீ யாரு பாக்கணும்னு லாரி வுட்ட?”

அவன் தலையைச் சொறிந்தான். “ஃப்ரெண்ட்ஸுங்க… பாத்தா அசந்துருவானுங்க.”

“அம்மா, நீ?”

கமர் நிஷாவுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. மகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் யாராவது பார்த்து, ‘குடும்பம் பெருசுதான்’ என்று சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. “எனக்கு யாரு இருக்கா?” என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“அத்தா, நீங்க?”

அமீருதீன் தொப்பியைத் தேடினார். தொப்பி தலையில்தான் இருந்தது.

“நான் சொல்றேன்,” என்றாள் கமர் நிஷா. சொல்லியிருக்க வேண்டாம், வந்துவிட்டது. “உங்க அத்தாவுக்கு ஒரே ஒரு ஆளு பாத்தாப் போதும். பழவேற்காட்டுல கீறாரு.”



“பெரியத்தா ஊட்ல கம்ப்யூட்டரே இல்லியேம்மா,” என்றாள் சமீனா மெதுவாக.

அமீருதீன் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜும்மாவுக்கு நேரமிருக்கும்போதே பள்ளிவாசலுக்குப் போனார். போகும்போது கேட்டை அவர் சாத்திய சாத்தில் பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். சத்தத்துக்கு அவள் எட்டிப் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை, சத்தமில்லாவிட்டாலும் பார்ப்பாள்.

அப்புறம் சமீனா ஒரு காரியம் செய்தாள். கமர் நிஷா இன்றைக்கும் அதைச் சொல்லும்போது கையை மோவாயில் வைத்துக்கொள்வாள்.

கம்பெனிக்கே போன் போட்டாள்.

“அடியே, இன்னாடி பண்ற! அவங்க பெரிய மனுசங்கடி!”

“பாக்கப் போறவங்ககிட்டயே கேட்டுட்டா பேஜாரே இல்ல பாரு.”

ரிசீவர் ஒன்று, காது இரண்டு. தாயும் மகளும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். டை கட்டிய, தொண்டை கனத்த ஒரு ஆபீசரை எதிர்பார்த்தாள் கமர் நிஷா. வந்தது ஒரு பெண் குரல். சின்னக் குரல்.

“பர்ச்சேஸ், இளமதி.”

“மேடம், புதுவாயல் அமீருதீன் பேலட்ஸ்லேர்ந்து பேசறேன். இன்னிக்கி எங்க சைட்டப் பாக்கறதா இருந்தீங்க. பாக்கும்போது மொதல்ல இன்னா தேடுவீங்கன்னு கேட்டுக்கலாம்னுதான்…”



“பாட்டு இருக்கா?”

“மேடம்?”

“தெறந்தா பாட்டு வருமா? முந்தாநேத்து ஒரு சைட் தெறந்தேன். நாதஸ்வரம். மொத்த ஆபீஸும் எழுந்து பாக்குது. எங்க மேனேஜர் ரூம்லேர்ந்து வந்து யாருக்குங்க கல்யாணம்னு கேக்கறார்.”

சமீனா அத்னானை ஒரு பார்வை பார்த்தாள். “பாட்டு இல்ல மேடம்.” அந்த நிமிடத்திலிருந்து இல்லை.

“எங்களுக்கு நெட்டு ஒரு சிஸ்டத்துல மட்டும்தாங்க. என் பின்னால ஒருத்தர் எப்ப எழுந்திருப்பேன்னு நின்னுக்கிட்டே இருப்பார். பெரிய படமா போட்டா அது வர்றதுக்குள்ள என் முறை முடிஞ்சிரும். சூட்டு முத்திரை இருக்கா, எங்க அளவுல செய்வீங்களா, எவ்ளோ வெயிட் தாங்கும். அவ்ளோதான் எனக்கு.” குரல் கொஞ்சம் தணிந்தது. “அப்புறம் லாரி வந்து நிக்கும்போது போன் பண்ணா எடுக்கற ஆள் யாருன்னு. எனக்கு முன்னாடி இருந்தவர் வாங்கின பேலட்டு கப்பல்ல உடைஞ்சு, சரக்கெல்லாம் சரிஞ்சு போச்சு. போன் பண்ணா அந்தக் கம்பெனியில யாரும் எடுக்கல. அவர் இப்ப இங்க வேலைல இல்ல.”

“சரி மேடம். சைட் அட்ரஸ் சொல்றேன், எழுதிக்குங்க.”

“நாளைக்குக் காலைல மீட்டிங். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பாத்துட்டு, புடிச்சிருந்தா நானே கூப்பிடறேன்.”

போனை வைத்த பிறகும் கமர் நிஷா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உலகம் என்று அத்னான் சொன்னானே, அந்த உலகம் கடைசியில் ஒரு பெண்பிள்ளை. பின்னால் ஒருவர் நிற்க, அவசர அவசரமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்க்கப் போகிற ஒரு பெண்பிள்ளை.

“சமீ, அந்தப் பொண்ணு பயந்துக்கினு கீதுடி.”

“அப்டியா சொன்னாங்க?”

“சைஸு, வெயிட்டுன்னு சும்மா கேக்குது. ‘என் வேல போவாதே?’ன்னுதான் கேக்குது. உடையாதுன்னு காட்டு. வேற ஒண்ணும் காட்டாத.”

சமீனா தாயைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து நடந்ததைக் கமர் நிஷா வாயைத் திறந்தபடி பார்த்தாள். மகள் எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். லாரி போயிற்று. பூ பார்டர் போயிற்று. பாண்டிச்சேரி மாமா போனார். கமர் நிஷாவின் தம்பிகள் இருவரும் போனார்கள். அவளுக்குக் கொஞ்சம் வலித்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் சமீனா ஒரு விநாடி நிறுத்தி, “இது இளமதி மேடத்துக்கு எதுக்கு?” என்று தனக்குத்தானே கேட்டாள். பதில் இல்லையென்றால் அது போயிற்று. எங்கோ சிப்காட்டில் இருக்கிற ஒருத்தியின் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்க்கிற வித்தை! இதை யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? பெற்றவள் தான்தான் என்று அவளால் நம்பவே முடியவில்லை.

தாத்தா மட்டும் மிச்சம் இருந்தார். சமீனாவின் கை அவர் மேல் நின்றது.

“தாத்தாகிட்ட நானே கேட்டுக்கறேன்,” என்றது வாசலில் ஒரு குரல்.

அமீருதீன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தொழுதுவிட்டு வந்த முகம். காலையில் இருந்த சூடு இல்லை. போனில் பேசியதையெல்லாம் கமர் நிஷா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். சப்தமே இல்லாமல் கேட்டார். அதுவே அந்த வீட்டில் ஒரு அதிசயம்.

“போன் பண்ணா எடுக்கலியாமா?” என்று அதை மட்டும் திருப்பிக் கேட்டார். “இன்னா ஆளுங்க! சரக்கு குடுத்தவன் போன எடுக்க மாட்டானா?” பிறகு திரையில் இருந்த தன் தகப்பனாரைப் பார்த்தார். “எடுத்துடும்மா. அவரும் கோச்சிக்க மாட்டாரு. யாவாரம் பண்ண மனுசன்தானே.”

“உடையாதுன்னு எப்டிங்க காட்றது?” என்றாள் கமர் நிஷா.

அமீருதீன் யோசித்தார். யோசித்தவர் எழுந்து வாசலுக்குப் போனார். தொண்டை திரும்ப வந்துவிட்டது. “யோவ், எல்லாரும் ரம்பத்த நிறுத்திட்டு வாங்கய்யா!”

வீட்டுக்குப் பின்னால்தான் யார்டு. நடுவில் ஒரு பேலட்டைப் போட்டார். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, நடுப்பக்கம் தரை தொடாமல். ஆசாரிகள், லோடு ஆட்கள், டிரைவர் பாக்கியநாதன் என்று ஒவ்வொருவராக ஏற்றினார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பஸ் ஃபுட்போர்டு மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள்.

“நைனா, கால மிதிக்காத நைனா!”

“எங்க மிதிக்கிறது, எடமே இல்லியே!”

கடைசியாக அமீருதீன் ஏறினார். யார்டிலேயே கனமான ஆள் அவர்தான். பலகை ‘ம்’ என்று ஒரு முனகல்கூட விடவில்லை. இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமராவில் அத்னான் கிளிக் செய்தபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சஃபாரி சூட் படத்தில் இல்லாத ஒரு அமீருதீன் அதில் இருந்தார்.

பக்கம் தயார் ஆனது. மேலே அந்தப் படம், உள்ளங்கை அளவுக்கு. பக்கத்தில் சூட்டு முத்திரை. கீழே அளவுகள், தாங்கும் எடை. அதற்கும் கீழே ஒரே வரி: ‘எந்த நேரமும் போனை எடுப்பவர்: அமீருதீன்’. வீட்டு நம்பர்.

அந்த வரியைச் சமீனா படித்துக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்திரிகை மாதிரி அத்தனை பேரோடு சேர்த்துப் போட்டிருந்தபோது வராத ஏதோ ஒன்று, தனியாகத் தன் பேரைப் பார்த்தபோது வந்துவிட்டது.

மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி, கொர்ரென்று உறுமி, அடங்கியது. சமீனா ஏற்றினாள். “இப்பப் பாருங்க.”

முகவரியை அடித்தாள். வெள்ளைத் திரை. பிறகு மேலிருந்து ஒரு கோடு. இன்னொரு கோடு. முதலில் தென்னை மட்டை. அப்புறம் பாக்கியநாதனின் முடி. நெற்றி. ஒரு வரிசைத் தலைகள். யாரோ மேலே இருந்து பாயை விரித்துக்கொண்டே வருவதுபோல் படம் இறங்கி வந்தது. சிரிப்புகள் வந்தன. கைகள் வந்தன. கடைசியில், எல்லாருடைய காலுக்கும் கீழே, பலகை.

“யா அல்லாஹ்!” என்றாள் கமர் நிஷா.

“இது இப்ப நம்ம பெட்டிக்குள்ள கீதா சமீ?”

“இல்லம்மா. வெளில எங்கியோ கீது. நாம அங்க போய்ப் பாத்துக்கினு கீறோம்.”

“நம்ம யார்டு… அங்கயா? இப்ப அந்தப் பொண்ணும் அங்கதான் நிக்குதா?”

“நிக்கலாம்.”

கமர் நிஷா தன்னையறியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சுவர் இல்லாத, கதவு இல்லாத ஒரு இடம். அதற்குள் தன் வீட்டுக்காரர் ஒரு பலகை மேல் ஏறி நின்று, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், ‘பயப்படாதம்மா’ என்று.

அப்புறம் கேட்க வேண்டுமா? சின்னப்பொண்ணு கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கறிவேப்பிலையை மறந்து உட்கார்ந்தாள். அவள் போய்ச் சொல்லி எதிர் வீட்டுக் குப்பம்மாள் வந்தாள். ஆசாரிகள் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சமீனா மூடிவிட்டு முதலிலிருந்து திறக்க வேண்டும். கோடு கோடாகத் தலைகள் இறங்க வேண்டும். “தோ, நம்மாளு!” என்று கூட்டம் ஆரவாரம் செய்ய வேண்டும். கமர் நிஷா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளர் பத்தாமல் சின்னப்பொண்ணு வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்.

அமீருதீன் மட்டும் போன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எந்த நேரமும் எடுப்பவர். வெளியே வெயில் இறங்கியது. சிப்காட் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக ரோட்டில் போயின.

போன் அடிக்கவில்லை.

“புடிக்கல போல,” என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கமர் நிஷாவுக்குக் கேட்டது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பழவேற்காட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்ட முகம். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் போனைப் பார்த்தாள். போனிலிருந்து கிளம்ப வேண்டிய வயரைப் பார்த்தாள். அது போனிலிருந்து கிளம்பவில்லை. சுவரிலிருந்து கிளம்பி, நாற்காலிக்குப் பின்னால் ஓடி, சின்னப்பொண்ணின் முழங்காலைச் சுற்றி, கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்த மோடத்துக்குள் போயிருந்தது.

“சமீ! இது ஓடுனா அது அடிக்குமா?”

சமீனா திரும்பினாள். தலையில் அடித்துக்கொண்டாள். படித்தவள், தெரிந்தவள், நெட் ஓடும்போது லைன் எங்கேஜ்டு என்று அத்னானை ஆயிரம் தடவை திட்டியவள். எல்லாரையும்போல அவளும் தன் பக்கத்தைத் தானே பார்த்து மயங்கி உட்கார்ந்திருந்தாள். ‘போன் பண்ணுங்க’ என்று ஊருக்கே எழுதி வைத்துவிட்டு, குடும்பமே சேர்ந்து போனை அடைத்துக்கொண்டிருந்தது.

கமர் நிஷா வயரைப் பிடுங்கினாள். அமீருதீன் அதைப் போனில் சொருகினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடித்தது.

“அமீருதீன் பேசறேன்!” அந்தத் தொண்டையைக் கேட்கச் சிப்காட்டில் இருந்தவளுக்குப் போனே தேவைப்பட்டிருக்காது.

“இளமதிங்க. ரொம்ப நேரமா உங்களுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கேன். எந்த நேரமும் எடுப்பார்னு போட்டிருக்கீங்க…”

“தப்பு எங்களுதும்மா. உங்களுக்காகப் பண்ணத நாங்களே உக்காந்து பாத்துக்கினு இருந்துட்டோம்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. “நான் பாத்தேங்க. பின்னால நின்னவரும் பாத்தார். ‘இவங்க எல்லாரும் ஏறியும் உடையலியா’ன்னு அவரே கேட்டார். நாளைக்குக் காலைல ஒரு சாம்பிள் கேட்டுக்குக் கொண்டுவாங்க. ஆனா ஒண்ணு சார். உங்க லைன் கெடைக்கலன்னு டெலிபோன் டைரக்டரில மரவாடின்னு பாத்து இன்னொருத்தருக்கும் அடிச்சேன். அவங்களுக்கு சைட் கெடையாது. ஆனா மொத மணிலயே எடுத்தாங்க. அவரையும் வரச் சொல்லிட்டேன்.”

“யாரும்மா அது?”

“பழவேற்காடு. தமீம் அன்சாரின்னு ஒரு பெரியவர்.”

அமீருதீன் ரிசீவரை வைத்தார். ரிசீவரோடு காதை ஒட்டியிருந்த கமர் நிஷாவுக்கு அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரே கேட்டில், ஆளுக்கொரு பலகையோடு, அண்ணனும் தம்பியும்.

அந்தக் கேட்டில் நின்று யார் யாரிடம் முதலில் பேசினார்கள் என்பதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொல்வது நியாயமில்லைதான். ஆனாலும் புதுவாயலில் கேட்டால் பின்னால் நடந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். அத்னான் ஷார்ஜாவுக்குப் போய் போர்டு எழுதும் கடையில் சேர்ந்தான். இளமதி வேலையை விடாமலே பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். சமீனாவுக்குத் திருநின்றவூரில் மாப்பிள்ளை அமைந்தது. இரண்டு பேரும் ஒரே ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறார்கள். அமீருதீனும் கமர் நிஷாவும் அடுத்த நோன்புக்கு முன்னாலேயே புதுவாயல் வீட்டைக் காலிசெய்து, பாக்கியநாதன் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குக் குடிபோனார்கள். தோற்றுப் போனதாகச் சின்னப்பொண்ணு சொல்கிறாள். அண்ணனே வந்து கூட்டிக்கொண்டு போனதாகக் குப்பம்மாள் சத்தியம் செய்கிறாள். கமர் நிஷாவைக் கேட்டால், அந்தக் கம்பெனிப் பலகையை இப்போது அண்ணனும் தம்பியும் சேர்ந்தேதான் செய்கிறார்கள், ஸ்டூல் ஒன்றும் இல்லை என்பாள்.